பேச்சுத் திருமணத்தில் பேசாத இருவர்

யாழ்ப்பாணச் சமூகத்தில் திருமணங்கள் இருவகையாகச் சுட்டப்படுகின்றன. ஒன்று காதல் திருமணம். மற்றையது பேச்சுத் திருமணம். பெயரை மாத்திரம் நோக்கின், பின்னையது பேச்சினால் உருவாவது. தரகர் பேசுகிறார், தாய்மாமன் பேசுகிறார், தந்தையர் பேசுகின்றனர், கடல்கடந்து வாழும் தமையன் தொலைபேசியிற் பேசுகிறார், குறிப்புப் பார்த்த சோதிடர் இறுதிச் சொல்லைச் சொல்கிறார். இத்தனை பேரும் பேசி முடித்த பின்னர், பேசாதிருந்தவர் யாவரெனக் கணக்கெடுப்பின் இருவரே எஞ்சுவர். ஒருவர் மணமகன், மற்றவர் மணமகள்.

நிச்சயதார்த்தம் முடிந்த மறுநாளே இரு வீடுகளும் பரபரப்படைகின்றன. எந்த மண்டபம், கூறை எங்கே எடுப்பது, பொன்னுருக்கலுக்கு எந்நாள் நல்லது, ஒளிப்படக்காரர் யார், வெளிநாட்டு உறவினருக்கு விடுமுறை எப்போது என்பனவே முதற் காரியங்கள் எனக் கொள்ளப்படுகின்றன. இவை யாவும் ஒருநாட் சடங்கிற்கான ஆயத்தங்கள். அச்சடங்கின் பின்னர் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் நீளவிருக்கும் இல்வாழ்க்கைக்கான ஆயத்தம் எவருடைய பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. மணமக்கள் தம்முள் உரையாடுவதில்லை என்பதன்று. இக்காலத்திற் கைத்தொலைபேசி அவர்களுக்கு இரவு முழுவதும் உரையாட வழி செய்துள்ளது. எனினும், அவ்வுரையாடலில் உணவும் உடையும் திரைப்படமும் இடம்பெறும் அளவிற்கு, அவர்களின் பெயரால் எழுதப்படும் உறுதியும் கைமாறும் பணமும் இடம்பெறுவதில்லை. அவை 'பெரியவர்களின் விஷயம்'.

இப்போலியான நாகரிகம் கண்டிக்கப்பட வேண்டியது. நிச்சயிக்கப்பட்ட இருவர் எடுத்துவைக்க வேண்டிய முதலடி மண்டபத்தை நோக்கியதுமன்று, புடவைக் கடையை நோக்கியதுமன்று. தம் பெயரால் பேசப்பட்ட ஒப்பந்தத்தைத் தாமே விரித்துப் படித்தலே அம்முதலடி. அவ்வொப்பந்தத்தில் நன்கொடை என்னும் பெயரால் மணமகன் வீட்டாருக்குச் செல்லும் பணத்தை நீக்குதல் அதன் மறுபாதி. இவ்விரண்டும் 'எழுத்து'க்கு முன்னரே நிகழ்தல் வேண்டும்.

ஏன் எழுத்துக்கு முன்னர் என்பதை முதலில் நோக்கலாம். யாழ்ப்பாண வழக்கில் விவாகப் பதிவு 'எழுத்து' எனப்படுகிறது. பல குடும்பங்களில் தாலிகட்டுக்குப் பல மாதங்கள் முன்னதாகவே எழுத்து நடைபெறுகிறது. மணமகன் வெளிநாட்டிலிருப்பின், விசா அலுவல்களின் பொருட்டு இவ்விடைவெளி ஆண்டுக்கணக்கிலும் நீளக்கூடும். சமூகத்தின் கண்ணில் எழுத்து முடித்தவர்கள் இன்னும் 'கலியாணம் கட்டாதவர்கள்'. சட்டத்தின் கண்ணிலோ அவர்கள் கணவனும் மனைவியும். 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் திருமண வாக்குறுதியை நிறைவேற்றுமாறு எவரையும் நீதிமன்றம் கட்டாயப்படுத்துவதற்கு இடமளிக்கவில்லை. எழுத்திலமைந்த வாக்குறுதி மீறப்படின் நட்டஈடு கோரலாம், அவ்வளவே. ஆகவே நிச்சயதார்த்தம் முறியக்கூடியது. எழுத்து அத்தகையதன்று. அதனைக் கலைக்க விவாகரத்து வழக்கே வழி. அதற்கு அச்சட்டம் வகுத்த காரணங்களோ பிறன்மனைப் புணர்ச்சி, வன்மமான கைவிடுகை, திருமண வேளையிலேயே இருந்த தீராத ஆண்மையின்மை ஆகிய மூன்றே. தாலி ஏறாத ஒரு பெண், ஊரார் மணமாகாதவளென்று கருதும் ஒரு பெண், இவற்றுள் ஒன்றை மன்றிலே மெய்ப்பிக்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுகிறாள். விவாக அறிவித்தலுக்கும் பதிவிற்குமிடையில், ஆட்சேபமுள்ளோர் அதனைத் தெரிவிக்கட்டும் எனச் சட்டமே ஒரு கால இடைவெளியை விட்டிருக்கிறது. அயலாருக்கு அளிக்கப்பட்ட அவ்வவகாசத்தை மணமக்கள் தமக்கெனப் பயன்படுத்துவதில் என்ன குற்றம்?

பொய்யும் தவறும் தோன்றிய பின்னரே மணச்சடங்கு வகுக்கப்பட்டதெனத் தொல்காப்பியம் கூறும். அக்கூற்றின்படி கரணம் அலங்காரத்திற்காகப் பிறந்ததன்று; வாக்குப் பிறழ்வோரைக் கட்டுப்படுத்தப் பிறந்தது. எழுத்து இக்காலக் கரணம். வாக்கு யாது என்பதையே அறியாத இருவர் அதிற் கையொப்பமிடுதல், கரணத்தின் நோக்கத்தையே கேலிக்குரியதாக்குவதாகும்.

இனி, அவ்வொப்பந்தத்தின் உள்ளடக்கத்தை நோக்குவோர் இரண்டு பொருள்களை வேறுபடுத்திக் காணல் வேண்டும். ஒன்று சீதனம். பெற்றோர் மகளுக்கு அவள் பெயரில் எழுதும் காணி, வீடு, அவளுக்கிடும் நகை என்பன அது. மற்றையது நன்கொடை, 'டொனேசன்' என்று வழங்குவது. இது மணமகனின் பெற்றோர் கையிற் செல்லும் ரொக்கம். முன்னையது பெண்ணின் சொத்து. பின்னையதில் பெண்ணுக்கு எள்ளளவும் உரிமையில்லை. இவ்விரண்டையும் 'சீதனம்' என்ற ஒரே சொல்லின் கீழ் வைத்துப் பேசுவதே இவ்வழக்கத்தின் பாதுகாவலர் கையாளும் தந்திரம். நன்கொடையைக் கண்டித்தால், பெண்ணின் சொத்துரிமையைப் பறிக்கப் பார்க்கிறீர்களா என்று அவர்கள் வினவுகின்றனர். பெண்ணின் சொத்துரிமையை வலியுறுத்தினால், சீதனத்தை ஆதரிக்கிறீர்களே என்று நகைக்கின்றனர்.

'இது எங்கள் தொன்று தொட்ட வழக்கம்' என்பது அடுத்த வாதம். இதற்கான விடை தேசவழமையிலேயே உண்டு. 1707ஆம் ஆண்டு ஒல்லாந்த அதிகாரியான கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தளித்து, பன்னிரு முதலியார்கள் பார்வையிட்டு ஒப்பிய அத்தொகுப்பு, 1806ஆம் ஆண்டு ஆங்கிலேயரால் சட்டமென ஏற்கப்பட்டது. முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தை மூவகைப்படுத்தும் அந்நூல், பண்டு தந்தைவழி முதுசம் ஆண்மக்களையும் தாயின் சீதனம் பெண்மக்களையும் சார்ந்ததெனக் கூறுகிறது. பின்னர் போர்த்துக்கேயர் காலத்தில், பிலிப் டி ஒலிவேரா யாழ்ப்பாணத்தை ஆண்ட வேளையில், அவ்வொழுங்கு மாறி மூவகைச் சொத்திலிருந்தும் சீதனம் கொடுக்கும் வழக்கம் புகுந்ததென்பதையும் அதுவே பதிவு செய்கிறது. ஆக, மாறாத வழக்கத்தின் சான்றாகக் காட்டப்படும் நூலே வழக்கம் மாறியமைக்குச் சான்று பகர்கிறது. இன்னும் பின்னோக்கிச் சென்றால், 'பரிசம்' என்னுஞ் சொல் தமிழில் மணமகன் வீட்டார் பெண்ணுக்காகக் கொடுத்த பொருளையே குறித்தது. பொருளோட்டம் திசைமாறியது வரலாற்றில். வரலாற்றில் மாறியதை வரலாற்றில் மீண்டும் மாற்றலாம்.

நன்கொடை இன்றைய பரிமாணத்தை அடைந்தமைக்குப் பொருளாதாரக் காரணங்களுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டு ஆங்கிலக் கல்வி பெற்ற யாழ்ப்பாண இளைஞர் கொழும்பிலும் மலாயாவிலும் அரசாங்க உத்தியோகங்களில் அமர்ந்தனர். மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் கொண்ட மாப்பிள்ளை, மழையை நம்பிய தோட்டக்காரனிலும் உயர்ந்த சரக்கானான். பின்னர் வைத்தியரும் பொறியியலாளரும் அவ்விடத்தைப் பிடித்தனர். 1983இன் பின்னர் கனடா, பிரான்ஸ், சுவிற்சர்லாந்து முதலாய நாடுகளின் வதிவிட அனுமதியும் அவ்வரிசையிற் சேர்ந்தது. மாப்பிள்ளையின் குணத்திற்கு எக்காலத்திலும் விலை பேசப்பட்டதில்லை. விலை பேசப்பட்டது அவனுடைய வருமானத்தின் நிச்சயத்துக்கே. நகை ரூபாயிலன்றிப் பவுணிற் பேசப்படுவதால், 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் ரூபாய் சரிந்தபோது அச்சரிவின் சுமையும் பெண்ணைப் பெற்றோர் தலையிலேயே விழுந்தது.

எதிர்வாதங்களுள் வலிமை மிக்கது, சீதனம் பெண்ணுக்குப் பாதுகாப்பு என்பது. இதனை எளிதிற் புறந்தள்ளலாகாது. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் மக்கள் ஒரே இரவிற் பெயர்ந்து தென்மராட்சிக்கும் பின்னர் வன்னிக்கும் சென்றபோது, காணியைச் சுமந்து செல்ல எவராலும் இயலவில்லை. பெண்களின் கழுத்திலும் கையிலும் கிடந்த பொன்னே பல குடும்பங்களுக்குச் சோறாயிற்று. அதேவேளை, 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோரின் சீதனக் காணிகள் உயர் பாதுகாப்பு வலயத்தின் முட்கம்பிக்குள் ஆண்டுக்கணக்கிற் கிடந்தன. உறுதி பெட்டியில், காணி கம்பிக்கு அப்பால். இவ்விரு அனுபவங்களும் உணர்த்துவது ஒன்றே. பெண்ணைக் காத்தது அவளுடைய கையில், அவளுடைய ஆளுகையில் இருந்த பொருள். அவள் பெயராற் கொடுக்கப்பட்டு மாமனார் கைக்குச் சென்ற நன்கொடை எந்த இடப்பெயர்விலும் எந்தப் பெண்ணுக்கும் ஒருபிடி அரிசி வாங்கித் தந்ததில்லை. பாதுகாப்பு என்னும் வாதம் சீதனத்துக்குப் பொருந்தலாம். நன்கொடைக்கு ஒருபோதும் பொருந்தாது.

சீதனத்துக்குங்கூட அது முழுமையாகப் பொருந்துமா என்பது வினாவிற்குரியது. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் மனைவியின் சொத்தை அவளது தனிச் சொத்தென ஏற்றது. ஆயினும் அசைவற்ற சொத்தைக் கணவனின் எழுத்திலமைந்த சம்மதமின்றி அவள் கைமாற்றலாகாதென்றும் அதுவே விதித்தது. கணவன் தன் காணியை விற்பதற்கு மனைவியின் சம்மதத்தை அது கோரவில்லை. 1923இல் நாட்டின் பொதுச் சட்டம் மணமான பெண்ணின் சொத்துரிமையை விரிவாக்கியபோது, தேசவழமைக்குட்பட்ட பெண்கள் அதற்குப் புறத்தே நிறுத்தப்பட்டனர். வேறு மாகாணத்தில் வேறு சட்டத்தின் கீழ்ப் பிறந்த பெண்ணும் தேசவழமைக்குட்பட்டவனை மணப்பின், மணவாழ்வு நிலைக்கும் வரை அச்சட்டத்துக்குள் வருவாள் என்பதும் 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதியே. கலைப்பீடத்திற் பட்டம் பெற்று, மணவறையிலே அமரும் பெண்களுள் எத்தனை பேர் இதனை அறிந்து அமர்கின்றனர்? தன் பெயரிலுள்ள வீட்டைத் தானே ஈடு வைக்கவும் விற்கவும் தனக்குள்ள தகுதி யாது என்பதை நொத்தாரிசிடம் வினவுதல், கூறையின் நிறத்தைத் தெரிவு செய்வதற்கு முன் ஒரு பெண் செய்ய வேண்டிய காரியமாகும்.

நன்கொடையின் பாதுகாவலர் கூறும் மற்றொரு நியாயம், 'வாங்கினாற்றானே கொடுக்கலாம்' என்பது. மகனுக்கு வாங்கிய பணம் மகளுக்குச் செல்கிறது. மகளை மணப்பவன் வீட்டில் அது மற்றொரு மகளுக்குச் செல்கிறது. ஆகவே எவரும் இலாபமடையவில்லையாம்; யாவரும் சங்கிலியின் கண்ணிகளாம். இவ்வாதத்தில் ஓர் உண்மையுண்டு; அவ்வுண்மை அவர்களுக்கே எதிரானது. இச்சங்கிலியைக் கொடுப்பவன் அறுக்க முயன்றால் அவனுடைய மகள் மணமின்றி நிற்பாள். வாங்குபவன் அறுத்தால் அவனுடைய மகனின் திருமணம் நின்றுவிடாது. எனவே இதனை அறுக்கும் ஆற்றல் ஒரே இடத்திலுண்டு, அது மணமகனிடம். தங்கையர் இருவரை வைத்திருக்கும் ஒரு மணமகனுக்கு இது இலேசான காரியமன்று என்பதை மறுப்பதற்கில்லை. அவன் துறக்கும் பணத்தை அவன் தங்கையின் மாப்பிள்ளை கேட்கத்தான் போகிறான். அச்சுமையை அவன் தன் உழைப்பினாற் சுமக்கலாம்; தங்கையரைக் கல்விக்கும் தொழிலுக்கும் ஆளாக்கிச் சுமக்கலாம்; அவர்களுக்குத் தன்னைப் போன்ற ஒருவனைத் தேடிச் சுமக்கலாம். அறிமுகமற்ற ஒரு தகப்பனின் தோட்டக் காணியை விற்கச் செய்து சுமப்பது தியாகமன்று. அதற்குப் பெயர் வேறு.

இங்குதான் பல்கலைக்கழகம் குற்றவாளிக் கூண்டில் நிற்க நேர்கிறது. இந்நாட்டிற் பல்கலைக்கழகக் கல்வி இலவசக் கல்வியின் பயன். தோட்டத் தொழிலாளியும் மீனவனும் விவசாயியும் செலுத்தும் வரியால் நடைபெறுவது. அவ்வாறு பெற்ற பட்டத்தை அவர்களுக்கே விலை கூறி விற்பது எத்தகைய நியாயம்? விடுதி முற்றத்திற் சமத்துவத்தைப் பற்றி நள்ளிரவு வரை வாதிடுகிறான் ஒருவன். சுவரொட்டி எழுதுகிறான், கவியரங்கிற் பெண்விடுதலை பாடுகிறான். இறுதியாண்டுப் பெறுபேறு வெளியானதும் ஊரிலே அவனுடைய விலை நிர்ணயிக்கப்படுகிறது. அவன் மௌனம் சாதிக்கிறான். 'நான் கேட்கவில்லை, அம்மாதான்' என்று அம்மௌனத்துக்கு அவன் விளக்கமும் தருகிறான். தான் கேளாமலே தன் பெயரால் வந்த பணத்தை மறுக்காதவன், கேட்டு வாங்கியவனிலும் எவ்வகையில் மேலானவன்? கேட்டவனுக்குக் குறைந்தபட்சம் நேர்மையாவது உண்டு.

மாணவியரின் நிலை இதனிலும் முரணானது. கலைப்பீடங்களிற் பெரும்பான்மையினர் அவர்களே. ஆணின் பட்டம் அவனுடைய விலையை உயர்த்துகிறது. பெண்ணின் பட்டமோ அவளுடைய வீட்டார் கொடுக்க வேண்டியதைக் குறைப்பதில்லை. அவளிலும் மேலான பட்டமுடையவனைத் தேட வேண்டியிருப்பதால் சிலவேளை அதனைக் கூட்டவும் செய்கிறது.

காதலித்து மணப்போர் இக்கண்டனத்திலிருந்து தப்பிவிட்டதாகக் கருதலாகாது. நான்கு ஆண்டுகள் நூலகப் படிகளிலே உரையாடிய இருவர், வீட்டார் சம்மதித்த மறுகணமே, காணி, காசு பற்றிய பேச்சைப் பெரியவர்களிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக் கொள்ளும் காட்சி புதியதன்று. சாதியை மீறத் துணிந்தவனும் நன்கொடையை மீறத் தயங்குகிறான். காதல் அங்கு பேச்சுத் திருமணமாகவே முடிகிறது. தரகருக்குக் கொடுக்க வேண்டிய பணம் மட்டும் மிச்சம்.

பணத்தோடு நின்றுவிடுவதன்று இவ்வுரையாடல். பத்துப் பொருத்தம் பார்க்கும் சமூகம், செவ்வாய்க் குற்றத்துக்கு அஞ்சி நல்ல சம்பந்தங்களை முறிக்கும் சமூகம், குருதியைப் பரிசோதிக்க அஞ்சுகிறது. தலசீமியாக் காவிகளாகிய இருவர் மணந்து கருவுறும் ஒவ்வொரு முறையும், பிறக்கும் பிள்ளை அந்நோயைப் பெறும் சாத்தியம் நூற்றுக்கு இருபத்தைந்து. காவியாயிருப்போர் நோயின்றியே வாழ்வதால் பரிசோதியாமல் அதனை அறிதல் அரிது. மச்சான், மச்சாள் உறவிலே மணம் முடிக்கும் வழக்கமுள்ள ஒரு சமூகத்தில் இவ்வினா இன்னும் முதன்மையானது. ஒரு சிறு குருதிப் பரிசோதனை இதனை எழுத்துக்கு முன்னரே தெளிவுபடுத்தும். இதனைக் கேட்கும் பெண் 'சந்தேகப் பிராணி' என்று பெயரெடுக்கிறாள். நட்சத்திரத்தைக் கேட்பது மரபு, குருதியைக் கேட்பது அவமதிப்பு என்னும் இவ்வளவுகோல் எந்த அறிவிற் பிறந்தது?

அவ்வாறே, எங்கு வாழ்வது, யாருடைய தொழில் யாருக்காக இடம்பெயர்வது, பெற்றோரின் முதுமையை யார் தாங்குவது, பிள்ளைப்பேறு எப்போது, சம்பளம் எவருடைய கணக்கிற் சேர்வது என்பனவும் வினாக்களே. கிளிநொச்சியில் ஆசிரிய நியமனம் பெற்ற பெண் கொழும்பில் வங்கியிலுள்ளவனை மணக்கும்போது, அவளே இடமாற்றம் கோரி விண்ணப்பிப்பாள் என்பது எவரும் வாய்திறந்து சொல்லாமலே முடிவாகிவிடுகிறது. வெளிநாடு செல்லவிருக்கும் பெண், அங்கே தன் பட்டம் செல்லுபடியாகுமா, வதிவிட உரிமை கணவனைச் சார்ந்ததா, தனித்ததா என்பவற்றைக் கேளாமலே விமானமேறுகிறாள். சொல்லப்படாத முடிவுகள் யாவும் ஒரே பக்கம் சாய்வதைக் காணும்போது, மௌனம் நடுநிலையானதன்று என்பது புலனாகிறது.

இவ்வாறு வினவுதல் பெரியோரை அவமதிப்பதாகும் என்பது இறுதியாக எஞ்சும் வாதம். பெரியோர் தேடுவதும் விசாரிப்பதும் பிள்ளைகள் மீதுள்ள அன்பினால் என்பதில் ஐயமில்லை. பெண்ணைப் பெற்றவர் தம் ஆயுட்காலச் சேமிப்பை ஒரே நாளில் கொடுப்பது எவரையும் மகிழ்விக்கவன்று. மகள் வாழ வேண்டும் என்பதற்காகவே. அவ்வன்பை மதித்தலாவது அதனை எவரும் சுரண்டாமற் காத்தலாகும். தந்தையிடம் சென்று, 'இப்பணம் வேண்டாம். நான் வாங்கமாட்டேன்' என்று பணிவுடன் கூறும் மகன் அவரை அவமதிக்கவில்லை. அவ்வாறு கூறத் துணியாது, சுமையை மற்றொரு தந்தையின் தோளில் ஏற்றுபவனே தந்தைமை முழுவதையும் அவமதிக்கிறான். இப்பணிவான மறுப்பைச் சட்டம் அவனுக்காகச் செய்துவிடாது. இந்தியாவில் 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டம் இயற்றப்பட்டது, வழக்கம் ஒழியவில்லை. கொடுப்போனும் வாங்குவோனும் ஒத்து மறைக்கும் குற்றத்தைப் பொலிசார் காண்பது அரிது.

1914ஆம் ஆண்டு மங்களநாயகம் தம்பையா 'நொறுங்குண்ட இருதயம்' என்னும் நாவலிலே மணவாழ்விற் துன்புறும் யாழ்ப்பாணப் பெண்ணொருத்தியின் கதையை எழுதினார். அந்நாவல் வெளிவந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. இன்று அது விரிவுரை மண்டபத்தில் ஈழத்து நாவலின் தோற்றம் என்னும் தலைப்பின் கீழ்ப் படிக்கப்படுகிறது. பரீட்சையில் அதனைப் பற்றி விடை எழுதிச் சித்தியடைகின்றனர். சித்தியடைந்தவர்கள் மணமேடைக்குச் செல்லும்போது அந்நூலைக் கேள்வித்தாளோடு விட்டுச் செல்கின்றனர்.

நிச்சயிக்கப்பட்டோர் செய்ய வேண்டியது பெரும் புரட்சியன்று. எழுத்துக்கு நாட்குறிக்கு முன் ஒருநாள் இருவரும் எதிரெதிரே அமர்தல் வேண்டும். எழுதப்படும் உறுதி எது, அது எவருடைய பெயரில், கைமாறும் பணம் எவ்வளவு, அது எவரிடம் செல்கிறது என்பவற்றை ஒளிவின்றிப் பேசுதல் வேண்டும். குருதிப் பரிசோதனைக்கு இருவரும் ஒருங்கே செல்லுதல் வேண்டும். தொழிலும் இருப்பிடமும் பற்றி ஒரு முடிவுக்கு வருதல் வேண்டும். நன்கொடை வேண்டாமென்பதை மணமகன் தன் வாயால், இரு வீட்டாரும் கேட்கச் சொல்லுதல் வேண்டும். சொல்ல இயலாதென்று அவன் கூறின், அவ்விடையும் மணமகளுக்குப் பயனுடையதே. அவள் யாரை மணக்கவிருக்கிறாள் என்பதை, நிச்சயத்தை இன்னும் முறிக்கக்கூடிய காலத்திலேயே, அது அவளுக்குத் தெரிவித்துவிடுகிறது.